காக்கையும் பனம்பழமும்

(வடாலாவில் தமிழன்பர்கள் கூடிய மாலைச் சபையொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கம்பனையும் குறளையும் பற்றிப் பிரசங்கங்கள் கேட்டுப் பழகிய இந்தச் சபையில், துப்பறியத் தெரியாத துப்பறிவாளர்களைப் பற்றி ஒருவன் பேசப்போகிறான் என்று அறிவிப்பு வந்தவுடன், பெரியவர்களில் சிலராவது முகம் சுளித்திருப்பார்கள் என்பதை நான் ஊகித்துக்கொள்ள முடியும். ஆயினும் ஒரு சமூகம் எதை மெய்யாகவே பெரிதாக மதிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள, அதன் ஸ்தோத்திரங்களைக் காட்டிலும் அதன் பரிகாசங்களே அதிகம் உதவும் என்பது என் அபிப்பிராயம். மதிக்கப்படாத ஒன்றை யாரும் பரிகாசம் செய்வதில்லை. அந்த முறையில் பார்த்தால், துப்பறியும் அசடன் என்ற ஹாஸ்ய பாத்திரம், சென்ற நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் பூஜித்து வந்த ஒரு தெய்வத்தின் உற்சவ வாகனத்துக்கு முன்னால் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு போகிற கோமாளி. அந்தத் தெய்வத்தின் பெயர் புத்தி.

முதலில் தெய்வத்தைப் பார்ப்போம். தனி மனிதர் ஒருவர் கூலி பெற்றுக்கொண்டு பிறர் காரியங்களை விசாரித்துச் சொல்லும் தொழில் பாரீஸ் நகரத்தில் பிறந்தது. விதோக் என்று ஒருவர். இளமையில் பல சிறைகளைக் கண்டவர், பிறகு போலீஸாருக்கே உளவு சொல்லி அவர்களிலேயே ஒரு தலைவரானவர். அவர் 1833-ஆம் ஆண்டில் பாரீஸில் ஒரு விசாரணைக் காரியாலயம் திறந்தார். அமெரிக்கரான எட்கர் ஆலன் போ 1841-இல் துப்பறியும் கதை என்ற இலக்கிய வகையையே தொடங்கி வைத்தபோது, தம் கதாநாயகனைப் பாரீஸ் நகரத்து மனிதனாகவே படைத்தார். பிரெஞ்சு ஆசிரியர் கபோரியோ அதை வளர்த்தார். 1887-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த கோனன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸை வெளியே அனுப்பினார். இந்தக் கதாநாயகர்கள் எல்லோருக்கும் வேதம் ஒன்றுதான். புகையைக் கண்டால் நெருப்பு உண்டென்று கொள்ளும் அனுமானமே அது. நம்முடைய தர்க்க சாஸ்திரிகளுக்கு இது புதிதன்று. மணிமேகலையின் இருபத்தொன்பதாவது காதையைப் புரட்டிப் பார்த்தால், நல்ல ஏது எது, ஏதுப் போலி எது என்று சாத்தனார் வகைவகையாகப் பிரித்து அடுக்கி வைத்திருப்பதைக் காணலாம். அறவண அடிகள் மணிமேகலைக்கு உபதேசித்ததைத்தான், பேக்கர் தெருவின் மாடியறையில் புகைக்குழாயுடன் உட்கார்ந்து, ஹோம்ஸ் வாட்ஸனுக்கு உபதேசிக்கிறார். ஒருவருடைய நோக்கம் வீடுபேறு. மற்றவருடைய நோக்கம் திருடன்.

தமிழுக்கு இந்தத் தெய்வம் கப்பலேறி வந்து சேர அதிக நாள் பிடிக்கவில்லை. பண்டித நடேச சாஸ்திரியார் 1894-இலேயே 'தானவன்' என்ற போலீஸ் நிபுணனைப் படைத்துவிட்டார். அதன் பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று பெரிய பெரிய உற்பத்திசாலைகளே தோன்றின. ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும், வடுவூராரின் திகம்பர சாமியாரும் வீட்டுத் திண்ணைகளில் குடும்ப நண்பர்களைப் போல உலவினார்கள். திகம்பர சாமியாரை 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் படமாக்கியபோது, பிற்காலத்தில் வில்லனாகவே நாம் பார்த்துப் பழகிய எம். என். நம்பியார், அதில் கதாநாயகராகப் பல வேஷங்களில் தோன்றி நடித்தார். இந்த நாவல்களில் துப்பறிபவனுக்குத் தெரியாத விஷயம் இல்லை, போட முடியாத வேஷம் இல்லை, தோல்வி என்பது அறவே இல்லை.

இப்படி ஒரு தலைமுறைக்கு மேலாகத் தோல்வியே காணாத புத்திசாலிகளைப் படித்துப் படித்து அலுத்துப்போன வாசகர்களுக்கு நடுவே, 1942-ஆம் ஆண்டில், ஆனந்த விகடனில் ஒரு மனிதன் வந்து நின்றான். யுத்த பீதியினால் பல்லாயிரம் பேர் சென்னைப் பட்டணத்தை விட்டு மூட்டை முடிச்சுகளுடன் வெளியேறிய ஆண்டு அது. வந்து நின்றவனுக்கு வயது நாற்பதுக்கு மேல், தலை வழுக்கை, பார்த்த மாத்திரத்தில் அசடு என்று சொல்லிவிடலாம், உத்தியோகமோ பாங்கியில் குமாஸ்தா. அவன் பெயர் சாம்பு. அவனைப் படைத்தவர் 'தேவன்' என்ற புனைபெயரில் எழுதிய ஆர். மகாதேவன். 1913-இல் திருவிடைமருதூரில் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, விகடனில் சேர்ந்து, கல்கி அங்கிருந்து விலகிய பிறகு அதன் ஆசிரியப் பொறுப்பைத் தாங்கி, 1957-இல், நாற்பத்துநான்காம் வயது நிறைவதற்குள் மறைந்துபோன அந்தப் புண்ணியவான், 'துப்பறியும் சாம்பு' என்ற தலைப்பில் ஐம்பது கதைகள் எழுதினார்.

குமாஸ்தா என்று சொன்னேன். வடாலாவில் நின்றுகொண்டு அந்த வார்த்தையைச் சொல்லும்போது சற்று நிதானித்துத்தான் சொல்ல வேண்டும். 1896-ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பிறகு, 1898-இல் அமைந்த பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், தாதரிலிருந்து மாதுங்கா, வடாலா, சயான் வரை வயலும் உப்பளமும் சதுப்புமாகக் கிடந்த பூமியைத் தெருவும் தோட்டமுமாகத் திருத்தி அமைத்தது. அந்தத் தெருக்களில் வந்து குடியேறிய தஞ்சாவூர்க்காரரும், பாலக்காட்டுக்காரரும், திருநெல்வேலிக்காரரும் பெரும்பாலும் கையில் கொண்டுவந்த சொத்து என்ன? ஒரு மெட்ரிகுலேஷன் சர்ட்டிபிகேட்டும், டைப்ரைட்டிங்கும், பிட்மன் சுருக்கெழுத்தும்தான். ரயில்வே, துறைமுகம், பாங்கி, இன்ஷூரன்ஸ் என்று நம் மூதாதையரின் விரல்கள் தட்டாத கடிதம் பம்பாயில் இருந்திராது. அப்படிப்பட்ட வீடுகளில் விகடன் வந்து சேர்ந்த அன்று சாம்புவைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தவர்கள், தங்களையே ஒருவிதமாகப் பார்த்துச் சிரித்தார்கள் என்று நான் நினைக்கிறேன். குமாஸ்தாவின் வாழ்க்கையில் பிழை என்பது மன்னிப்பில்லாத சங்கதி. பேரேட்டில் ஒரு பைசா இடித்தால், ராத்திரி எட்டு மணியானாலும் அது அகப்படுகிற வரையில் வீடு திரும்ப முடியாது. சரியாக எழுதிய பதினாயிரம் வரிகளுக்கு மெமோ கிடையாது, தவறாக எழுதிய ஒரு வரிக்கு உண்டு. அவ்வாறு பிழைக்குப் பயந்தே ஆயுளைக் கழித்த ஒரு வர்க்கத்தாருக்கு, ஒரு குமாஸ்தா செய்கிற பிழைகளெல்லாம் வரவுப் பக்கத்தில் ஏறுகிற ஓர் உலகத்தைத் தேவன் திறந்து காட்டினார்.

அந்த உலகம் எப்படி இயங்குகிறது? சாம்பு ஒரு கேஸை விசாரிக்கப் புறப்படுகிறான். வேண்டாத இடத்துக்குப் போகிறான், கேட்கக்கூடாததைக் கேட்கிறான், பயந்து ஓடுகிறான், எதன் மீதோ இடித்துக்கொள்கிறான். அவன் இடித்துக்கொண்ட இடத்தில் திருடன் அகப்படுகிறான். இதோடு நின்றிருந்தால் அது வெறும் அதிர்ஷ்டக் கதை. தேவன் செய்த காரியம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இன்ஸ்பெக்டர் கோபாலன் வருகிறார். அவர் அசடரல்லர், நல்ல அதிகாரி, காரண காரியங்களில் நம்பிக்கை உள்ளவர். காரணமில்லாமல் காரியம் நடக்காது என்பது அவர் கற்ற பாடம். திருடன் அகப்பட்டிருக்கிறான், அது காரியம்; அருகில் சாம்பு நிற்கிறான், ஆகவே அவன்தான் காரணம். அவன் தவறான வீட்டுக்குள் போனது ஒரு தந்திரம், பயந்து ஓடியது ஒரு பாவனை, இடித்துக்கொண்டது ஒரு சமிக்ஞை என்று, சாம்பு கனவிலும் கருதாத யுக்திகளையெல்லாம் கோபாலன் தம்முடைய சொந்த மூளையிலிருந்து எடுத்து, அவனுக்குச் சூட்டுகிறார். சாம்பு திருதிருவென்று விழிக்கிறான். அந்த விழிப்பும் அடக்கம் என்று கணக்கில் சேர்கிறது.

'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது' என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இதையே வடமொழியார் காகதாலீய நியாயம் என்பார்கள். காக்கைக்கும் பழத்துக்கும் சம்பந்தமில்லை என்பதைச் சொல்வதோடு பழமொழியின் வேலை முடிந்தது. தேவன் அந்தப் பனைமரத்தடியில் மூன்றாவது பேர்வழி ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். காற்றின் வேகம், காம்பின் முதிர்ச்சி, தன் உடலின் எடை ஆகியவற்றையெல்லாம் கணக்கிட்ட பிறகே அந்தக் காக்கை அங்கு வந்து உட்கார்ந்தது என்று விளக்கம் எழுதுகிற பேர்வழி அவர். ஆகவே சாம்புக் கதைகளில் ஹாஸ்யத்தின் உற்பத்தி ஸ்தானம் சாம்பு அல்லன் என்பது என் துணிபு. சாம்பு வெறும் நிமித்தம். பலனைக் கண்டுவிட்டுப் பின்னோக்கி நடந்து, அதற்கு ஏற்ற புத்தியை இட்டுக்கட்டிக்கொள்ளும் மற்றவர்களுடைய சுபாவமே அங்கே பரிகாசத்துக்கு உரியதாகிறது. ஏதுப் போலியை இவ்வளவு சுவாரஸ்யமாக உரைத்த தர்க்க நூல் வேறு இல்லை.

இனிப் பிரெஞ்சு தேசத்துக்குப் போவோம். துப்பறியும் தொழில் பிறந்த ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து எப்படிச் சிரித்தார்கள்? 1981-இல் பிரான்ஸிஸ் வெபேர் என்ற டைரக்டர் 'லா ஷெவ்ர்' என்ற படத்தை வெளியிட்டார். பிரான்ஸில் மட்டும் 70 லட்சத்துக்கும் அதிகமான டிக்கெட்டுகள் விற்று, அந்த ஆண்டின் படங்களில் அது முதலிடம் பெற்றது. ஒரு பெரிய முதலாளி. அவருக்கு ஒரு பெண். அந்தப் பெண் எங்கே போனாலும் துரதிர்ஷ்டம் கூடவே போகும். மெக்ஸிகோவுக்குப் போனவள் காணாமற் போய்விடுகிறாள். கம்பானா என்ற கைதேர்ந்த துப்பறிவாளர் தேடிப் பார்த்தும் அகப்படவில்லை. அப்போது கம்பெனியில் உள்ள மனோதத்துவ நிபுணர் ஒருவர் யோசனை சொல்கிறார்: துரதிர்ஷ்டசாலி ஒருத்தி விழுந்த குழிகளிலெல்லாம் தவறாமல் விழக்கூடியவன் இன்னொரு துரதிர்ஷ்டசாலிதான், அப்படி ஒருவனை அனுப்பினால் அவன் விழுந்து விழுந்தே அவளைக் கண்டுபிடித்துவிடுவான் என்று. அப்படிப்பட்ட ஒருவன் அவர்கள் ஆபீஸிலேயே இருக்கிறான். அவன் யார் என்று நினைக்கிறீர்கள்? பெரன் என்று ஒரு கணக்கன்! சபையோர் கவனிக்க வேண்டும். சென்னையில் பாங்கிக் குமாஸ்தா, பாரீஸில் கம்பெனிக் கணக்கன்.

அவனைப் பரீட்சிக்கும் காட்சி அழகானது. மேஜையைச் சுற்றிப் பல நாற்காலிகள். அவற்றில் ஒன்று மட்டும் உடைந்தது. பெரன் வருகிறான், நேரே அந்த நாற்காலியில் உட்கார்ந்து கீழே சரிகிறான். பரீட்சையில் தேறிவிட்டான்! விசாரணைக்குத் தலைவன் நீதான் என்று அவனிடம் பொய் சொல்லி, கம்பானாவை அவனுக்கு உதவியாளரைப் போல நடிக்கச் சொல்லி, இருவரையும் மெக்ஸிகோவுக்கு அனுப்புகிறார்கள். பியேர் ரிஷார் பெரனாகவும், ழெரார் தெபார்தியு கம்பானாவாகவும் நடித்தார்கள். ஒல்லியான தேகமும் கலைந்த தலையுமாய் ஒருவர், மலை போன்ற சரீரமும் கொதிக்கிற கோபமுமாய் மற்றவர். தன்னைப் பெரிய நிபுணன் என்று நம்பிக்கொண்டு பெரன் உத்தரவு போடுவதும், பல்லைக் கடித்துக்கொண்டு கம்பானா அதைச் சகிப்பதும், ஆரம்பத்தில் அந்தச் சித்தாந்தத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிய அதே கம்பானா, சம்பவம் சம்பவமாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் அதற்குச் சீடராகிவிடுவதும் கண்டு ரஸிக்க வேண்டியவை. முடிவில் பெரனும் அந்தப் பெண்ணும் சந்திக்கிறார்கள். சந்தித்தவுடன் அவர்கள் நிற்கிற மரத்துறையே பிய்த்துக்கொண்டு ஆற்றோடு போகிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு விசித்திரம் புலப்படுகிறது. தர்க்கத்துக்கும் தெளிவுக்கும் பேர் போன தத்துவஞானி தேகார்த்தின் தேசத்தில் எடுத்த படம், ஒரு மனிதனுடைய துரதிர்ஷ்டத்தை அவனுடைய பிறவிக் குணமாகவே கொண்டு, அதை நம்பி ஒரு விசாரணையையே நடத்துகிறது. ஏழரை நாட்டுச் சனி பிடித்தவனைக் கொண்டு ஏழரை நாட்டுச் சனி பிடித்தவளைத் தேடுவது என்று அந்தக் கதையை எந்த ஜோதிடரிடம் சொன்னாலும், இதிலென்ன வேடிக்கை, நியாயமான யோசனைதானே என்று கேட்பார். கிரகங்களுக்கு எள்ளு விளக்கு ஏற்றுகிற நம் நாட்டிலோ, தேவன் கிரகத்தின் மீது பாரத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அதிர்ஷ்டத்துக்கு உரிய பங்கை அதற்குக் கொடுத்துவிட்டு, புகழ் என்ற பண்டத்தை மனிதர்கள் எப்படித் தயாரிக்கிறார்கள் என்பதை ஆராய்ந்தார். பெரன் விதியின் கருவி. சாம்பு ஊர் வாயின் கருவி. பிரெஞ்சுப் படம் சாஸ்திரத்தை விதியிடம் மண்டியிடச் செய்து நகைக்கிறது. தமிழ்க் கதை சாஸ்திரத்தையே விசாரணைக் கூண்டில் ஏற்றி நகைக்கிறது. இரண்டில் நம்முடையதே சற்று ஆழமானது என்று சொன்னால், அது தாய்மொழிப் பாசம் என்று தள்ளிவிடாமல், இரண்டையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

சினிமாவுக்குப் பெரன் பொருந்தியது போல சாம்பு ஏன் எளிதில் பொருந்துவதில்லை என்பதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. பெரனுடைய ஹாஸ்யம் தேகத்தில் நிகழ்வது. விழுதல், மோதல், வீங்குதல் எல்லாவற்றையும் காமிரா பார்த்துக்கொள்ளும். சாம்புவின் ஹாஸ்யம் அவனைப் பார்க்கிறவர்களின் மனத்துக்குள் நிகழ்வது. அதற்கு ஆசிரியனுடைய குரல் வேண்டும். ஓவியர் கோபுலுவின் தூரிகை அதைப் படக்கதையில் பிடித்தது. சாம்புவின் தூர்தர்ஷன் தொடரில் நடிகர் காத்தாடி ராமமூர்த்தி, ஒன்றும் புரியாமல் நிற்கிற அந்த முகத்தைக்கொண்டே பெரும்பகுதியைச் சாதித்துக் காட்டினார்.

மூன்றாவது ஓர் அசடனையும் குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பிரெஞ்சு டைரக்டர் த்ருஃபோ 1968-இல் எடுத்த 'பேஸே வொலே' என்ற படத்தில், ராணுவத்திலிருந்து விலக்கப்பட்ட அந்த்வான் என்ற இளைஞன், ஹோட்டலில் இரவுக் காவல் வேலையை ஒரு துப்பறிவாளரின் தந்திரத்துக்குப் பலியாகி இழந்து, அந்தத் துப்பறிவாளரின் தயவிலேயே ஒரு துப்பறியும் காரியாலயத்தில் சேர்கிறான். அவன் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்தால், அவள் உடனே கண்டுகொண்டு போலீஸ்காரரிடம் சொல்லிவிடுவாள். செருப்புக் கடை முதலாளி ஒருவர் அந்தக் காரியாலயத்துக்கு வந்து, என்னை ஏன் ஒருவருக்கும் பிடிக்கவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று கேட்கிறார். கொலையும் இல்லை, களவும் இல்லை. இப்படி ஒரு கேஸ் ஹோம்ஸுக்கு வந்ததில்லை! அதை விசாரிக்கப் போன அந்த்வான் முதலாளியின் மனைவி மீதே காதல் கொண்டுவிடுகிறான். அவனுக்கு அதிர்ஷ்டமும் இல்லை, துரதிர்ஷ்டமும் இல்லை, கோபாலனும் இல்லை. பிறர் மனத்தைத் துப்பறியக் கருவி கிடையாது என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி, சற்றே வருந்தவும் வைக்கிற படம் அது.

நம் பக்கத்து வீடுகளிலும் இந்த வம்சம் தழைத்தது. செம்பூரில் ஸ்டூடியோ வைத்திருந்த ராஜ் கபூர், 1982-இல் 'கோபிசந்த் ஜாஸூஸ்' படத்தில் இத்தகைய வேஷம் போட்டார். 1985-இல் தூர்தர்ஷனில் காரட் கடித்துக்கொண்டு வந்த கரம்சந்தை இங்குள்ள பலரும் மறந்திருக்க மாட்டார்கள். 2019-இல் தெலுங்கில் வெளியாகி வெற்றி பெற்ற நெல்லூர்த் துப்பறிவாளர் ஆத்ரேயாவின் கதை, 2022-இல் சந்தானம் நடிக்க 'ஏஜென்ட் கண்ணாயிரம்' என்று தமிழுக்கு வந்தது. இப்புதிய படங்களில் ஒரு தைரியக் குறைவைக் காண்கிறேன். முதற்பாதியில் அசடனாகத் திரிகிறவன், பிற்பாதியில் திடீரென்று மெய்யான நிபுணனாகி, சங்கிலி சங்கிலியாக அனுமானங்களைக் கோத்து, பெரிய சதியொன்றை வெளிப்படுத்திவிடுகிறான். கதாநாயகனைக் கடைசி வரையில் அசடனாக விட்டுவைக்க இக்காலத்தவருக்கு மனம் துணியவில்லை. தேவனோ ஐம்பது கதைகளிலும் சாம்புவுக்கு ஒரு மாற்று புத்தியைக்கூடக் கூட்டவில்லை; வேம்புவைக் கல்யாணம் செய்துவைத்தார், சுந்து என்ற பிள்ளையைக் கொடுத்தார், பேரும் புகழும் கொடுத்தார், புத்தியை மட்டும் கொடுக்கவில்லை. அதனாலேயே அந்தப் பரிகாசம் இன்னும் கூர் மழுங்காமல் இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, மெய்யான துப்பறியும் தொழில் இந்நகரத்தில் எப்படி நடக்கிறது என்று இளைஞர் ஒருவர் கேட்கக்கூடும். கொலை விசாரணை போலீஸாருடைய அதிகாரம். தனியார் துப்பறிவாளரிடம் பெரும்பாலும் வருவது கல்யாணத்துக்கு முன் பிள்ளை வீட்டையும் பெண் வீட்டையும் பற்றிய விசாரிப்புதான். அந்தத் தொழிலை மாதுங்கா மார்க்கெட்டில் வாழையிலை வாங்க வந்த மாமிமார் நெடுங்காலம் கூலியில்லாமல், இதைவிடத் திறமையாகச் செய்து வந்தார்கள் என்பதற்கு இச்சபையில் பிரத்தியட்ச சாட்சிகள் பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதிலிருந்தே தெரிகிறது.

முடிவாக ஒன்று. கோபாலனைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். நம்மில் கோபாலன் இல்லாதவர் எவர் என்பதுதான் கேள்வி. பங்குச் சந்தையில் ஒருவன் பணம் சம்பாதித்துவிட்டால், அவன் முன்னர் செய்த ஒவ்வொரு கிறுக்கும் தீர்க்கதரிசனமாகிறது. படம் ஓடிவிட்டால் டைரக்டர் மேதை. ஓடாவிட்டால் அதே டைரக்டர், அதே காட்சிகளுக்காக, மூடர். தேர்தலில் ஜெயித்த தலைவர் வாய் திறவாமல் இருந்தது ராஜதந்திரம்; தோற்றவர் வாய் திறவாமல் இருந்தது கையாலாகாத்தனம். நாம் வாழ்வதோ கோபாலன்கள் பத்திரிகை நடத்துகிற காலம். ஆகவே யாரேனும் ஒருவரை மகா புத்திசாலி என்று உலகம் கொண்டாடும்போது, அவருக்குக் கிடைத்த பலனைச் சற்று நேரம் கையால் மறைத்துவிட்டு, அவர் செய்த காரியத்தை மாத்திரம் தனியாகப் பாருங்கள். அப்படிப் பார்த்த பின்பும் புத்தி தெரிந்தால், தாராளமாக மாலை போடுங்கள். தெரியாவிட்டால், மாலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரியுங்கள். அந்தச் சிரிப்பைக் கற்றுக்கொடுத்த உபாத்தியாயர்களில் ஒருவர் திருவிடைமருதூரில் பிறந்தார் என்பதில் நாம் பெருமைப்படலாம்.  இந்தச் சொற்பொழிவு நன்றாக இருந்தது என்று சொல்ல வருகிறவர்கள், அதற்கு என் புத்தி காரணமா, தேவனுடைய விஷயம் காரணமா என்று ஒரு முறை விசாரித்துக்கொண்டு வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.